கப்பலில் பிறந்த ஆங்கிலத் தொடர்கள்: எது நிஜம், எது கட்டுக்கதை?

கேள்வி இதுதான்: "'பை அண்ட் லார்ஜ்', 'டேக்கன் அபேக்', 'பிட்டர் எண்ட்' மாதிரியான ஆங்கில மரபுத்தொடர்கள் எல்லாம் பாய்மரக் கப்பல்களில் பிறந்தவை என்று ஒரு நீளமான பட்டியல் சுற்றி வருகிறது. அவற்றின் சரியான பொருள் என்ன? அந்தக் கதைகளை நம்பலாமா?"

கேட்ட மூன்றும் கப்பலோடு சேர்ந்தவைதான். மூன்றாவதில் மட்டும் ஒரு சின்னப் பங்காளிச் சண்டை உண்டு. ஆனால் அதே பட்டியலில் 'போஷ்', 'பிராஸ் மங்கி', 'ஸ்குவேர் மீல்' என்று ஒட்டிக்கொண்டு வருபவற்றில் பெரும்பாலானவை பின்னால் யாரோ சோடித்த கதைகள். நிஜத்தையும் சோடனையையும் பிரிக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். அந்தக் கப்பல் எப்படி ஓடியது என்பது ஒன்று. அந்தத் தொடர் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்த வடிவத்தில் எழுத்தில் வந்தது என்பது இன்னொன்று.

முதலில் காற்று. 17, 18ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் முக்கியப் பாய்கள் சதுரப் பாய்கள். பாய்மரத்தில் குறுக்கே கட்டிய கழியிலிருந்து தொங்கும். காற்று பின்னாலிருந்து வந்தால் உப்பி இழுக்கும். காற்று வரும் திசையைப் பார்த்து நேராக ஓட எந்தப் பாய்மரக் கப்பலாலும் முடியாது. எவ்வளவு நெருங்க முடியும் என்பதில்தான் வித்தியாசம். மாலுமிகள் திசைகாட்டி வட்டத்தை 32 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 11.25 பாகை. சதுரப் பாய்க் கப்பல் காற்றின் திசைக்கு ஏறக்குறைய 6 பங்கு, அதாவது 67.5 பாகை வரைதான் நெருங்கும். அதற்கு மேல் முகத்தைத் திருப்பினால் பாய் படபடக்கும், கப்பல் நின்றுவிடும்.

அப்படிக் காற்றை ஒட்டி ஓடுவதற்கு 'பை தி விண்ட்' என்று பெயர். காற்று பக்கவாட்டைத் தாண்டிப் பின்னாலிருந்து வரும்போது தாராளமாக ஓடுவது 'லார்ஜ்'. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பல்தான் நல்ல கப்பல். சாமுவேல் ஸ்டர்மி என்பவர் 1669இல் எழுதிய கப்பலோட்டும் கலை பற்றிய நூலில் 'பை அண்ட் லார்ஜ்' இந்த நேரடிப் பொருளிலேயே வருகிறது. எந்தக் காற்றிலும் என்பது, நல்லது கெட்டது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்றாகி, 'மொத்தத்தில்', 'பெரும்பாலும்' என்று தரையிறங்கியது. ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு என்பதை இந்தத் தொடர் தனக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறது. அதனால் நூற்றுக்கு நூறு உண்மையான ஒன்றைச் சொல்லும்போதும், துல்லியமான எண்ணிக்கை கொடுக்கும்போதும் இதைப் போட்டால் உறுத்தும். காதால் கேட்டு 'பை இன் லார்ஜ்' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர், அது பிழை.

காற்றை ரொம்பவே ஒட்டி ஓட்டுவது 'செய்லிங் க்ளோஸ் டு தி விண்ட்'. கொஞ்சம் கை தவறினாலும் கப்பல் நின்றுவிடும். இன்று சட்டத்தை மீறாமல், ஆனால் அதன் விளிம்பிலேயே நடப்பவர்களைப் பற்றிச் சொல்வது. கணக்கு வழக்கில் கில்லாடியான ஒரு நிறுவனத்தைப் பற்றி இப்படி எழுதினால், அது பாராட்டு அல்ல.

பக்கக் காற்றில் ஓடும் கப்பல் முன்னே போகிற அதே நேரத்தில், காற்று தள்ளுகிற பக்கமாகவும் நழுவிக்கொண்டே போகும். அந்த நழுவல்தான் 'லீவே'. காற்று தள்ளும் பக்கத்தில் கரையோ பாறையோ இருந்தால், நழுவுவதற்குப் போதிய இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். அந்த இடமே பிறகு 'விட்டுக்கொடுக்கும் அளவு' ஆனது. 'கிவ் ஹிம் சம் லீவே' என்றால் கொஞ்சம் தளர்த்திக் கொடு. 'மேக் அப் லீவே' என்றால் பின்தங்கியதை ஈடுகட்டு. ஒரே சொல் ஒரு இடத்தில் சலுகையாகவும் இன்னொரு இடத்தில் இழப்பாகவும் நிற்பதற்குக் காரணம், மூலத்தில் அது நழுவிய தூரம் என்பதுதான்.

இனி 'டேக்கன் அபேக்'. பின்னாலிருந்து தள்ள வேண்டிய காற்று, திடீரென்று திசை மாறி முன்னாலிருந்து அடித்தால் என்ன ஆகும்? பாய்கள் பின்னோக்கி மடங்கிப் பாய்மரத்தோடு அப்பிக்கொள்ளும். பாய்மரத்தைத் தாங்கும் கனமான கயிறுகள் பெரும்பாலும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் இழுத்துக் கட்டப்பட்டவை. முன்னாலிருந்து வரும் அழுத்தத்துக்கு அவை தோதானவை அல்ல. கப்பல் நிற்கும், பிறகு பின்னோக்கி நகரத் தொடங்கும். பின்னோக்கி நகரும்போது சுக்கானின் வேலை தலைகீழாகிவிடும். பலத்த காற்றாக இருந்தால் பாய்மரமே முறிந்து விழும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் ஒரு நொடியில் கட்டுப்பாட்டை இழந்து திகைத்து நிற்பதைத்தான், எதிர்பாராத செய்தியைக் கேட்டு வாயடைத்துப்போகும் மனிதருக்குச் சொன்னார்கள்.

இது நம் கடலிலேயே, ஒரு கடற்படை முழுவதற்குமே நடந்திருக்கிறது. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால், எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல் வரிசையும் சுஃப்ரனின் பிரெஞ்சு வரிசையும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று, நண்பகல் தாண்டி ஏறக்குறைய அரை மணி நேரத்தில் திடீரென்று தென்-தென்கிழக்குக்கு மாறியது. சோழ மண்டலக் கடற்கரையில் ஆடிக் காற்று மதியத்தில் தணிந்து கடற்காற்று உள்ளே நுழைவது மீனவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இரண்டு வரிசைகளும் அந்த ஒரு மாற்றத்தில் கலைந்துபோயின. முகத்தில் காற்று வாங்கிய கப்பல்களில் சில ஒரு பக்கமும், சில மறு பக்கமும் திரும்பின. நான்கு ஆங்கிலக் கப்பல்களும் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களும் இரு வரிசைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. யார் யாரைச் சுடுவது என்றே தெரியாத குழப்பம். 'டேக்கன் அபேக்' என்பதை 'லேசாக வியந்தார்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் காட்சியை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். அதில் வியப்பு மட்டும் இல்லை, செயலற்றுப்போவதும் இருக்கிறது. எழுதும்போது இது செயப்பாட்டு வினையாகவே பெரும்பாலும் வரும்: 'ஐ வாஸ் டேக்கன் அபேக்'. பின்னால் காரணம் சொல்ல 'பை' சேர்க்க வேண்டும்.

அடுத்தது கயிறு. ஒரு போர்க்கப்பலில் எவ்வளவு கயிறு இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளம் என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு கயிறும் தளத்தில் அதற்கென்று உள்ள முளையில் கட்டப்பட்டிருக்கும். நள்ளிரவில், மழையில், கையால் தடவியே சரியான கயிற்றை எடுக்கத் தெரிந்தவன்தான் மாலுமி. தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே நிற்பவன் கதி அதோகதி. 'நோ தி ரோப்ஸ்' என்பது அங்கிருந்து வந்தது. ரிச்சர்ட் ஹென்றி டேனா தன் கடல் பயண நூலில் 1840இல் இதை மேற்கோள் குறிக்குள் போட்டு, கலிஃபோர்னியக் கரையை ஏற்கெனவே அறிந்த ஒரு கேப்டனைப் பற்றி எழுதுகிறார். அப்போதே அது உருவகமாகிவிட்டது என்று அந்த மேற்கோள் குறி காட்டிக்கொடுக்கிறது. நாடக அரங்கில் திரை இழுக்கும் கயிறுகளும் இதற்கு உரிமை கொண்டாடுவதுண்டு. கிடைக்கும் சான்றுகள் கடல் பக்கமே சாய்கின்றன. தமிழில் 'நெளிவு சுளிவு தெரிந்தவர்' என்பது இதற்கு ஏறக்குறையப் பொருந்தும். ஏற்கெனவே தெரிந்தவருக்கு 'நோ', புதிதாகச் சேர்ந்து கற்பவருக்கு 'லேர்ன்', கற்றுக்கொடுப்பவருக்கு 'ஷோ'.

'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்' என்றால் குடித்துத் தள்ளாடுவது. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் 'ஷீட்' என்ற சொல். அது விரிப்பும் அல்ல, பாயும் அல்ல; பாயின் கீழ் மூலையைப் பிடித்துக் கட்டும் கயிறு. அது அவிழ்ந்து காற்றில் ஆடினால் பாய் பிடிமானமின்றி அடித்துக்கொள்ளும். மூன்று கயிறுகள் அவிழ்ந்தால் கப்பல் நேராகப் போகாது. 1820களின் தொடக்கத்திலேயே இது எழுத்தில் வந்துவிட்டது. மாலுமிகள் இதற்கு அளவுகோலே வைத்திருந்தார்கள்: ஒரு கயிறு அவிழ்ந்தால் லேசான போதை, மூன்று என்றால் முழுப் போதை. நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம்.

'பிட்டர் எண்ட்' விவகாரத்துக்கு வருவோம். நங்கூரக் கயிறு மனிதனின் தொடை அளவு பருமன் உள்ளதாகவும் இருக்கும். அதைக் கப்பலுக்குள் நிறுத்திப் பிடிக்க, தளத்தில் தடித்த மரத்தூண்கள் உண்டு; அவற்றுக்குப் பெயர் 'பிட்ஸ்'. அந்தத் தூண்களுக்கு உள்பக்கமாக, கப்பலுக்குள்ளேயே கிடக்கும் கயிற்றுப் பகுதிதான் 'பிட்டர்ஸ் எண்ட்'. கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் வெளியிட்ட கடற்சொல் நூலில் இதே விளக்கம் இருக்கிறது. கயிறு அந்த முனை வரை ஓடிவிட்டால் இனி விடுவதற்குக் கயிறு இல்லை. ஆக, 'டு தி பிட்டர் எண்ட்' என்றால் கடைசிக் கயிறு வரை.

பங்காளி யார்? விவிலியம். நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில் பரத்தையின் முடிவு எட்டியைப்போலக் கசப்பானது என்று வருகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கே 'எண்ட்', 'பிட்டர்' இரண்டு சொற்களுமே உண்டு. நங்கூரக் கயிற்றின் முனையில் கசப்பு எதுவும் இல்லை. இன்றைய பயன்பாட்டிலோ கசப்பு நிறையவே இருக்கிறது. கயிறும் வேதமும் சேர்ந்து முறுக்கிய தொடர் இது என்பதே என் கணிப்பு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பொய் என்று தள்ளுவது சரியல்ல. பயன்படுத்தும்போது, வலியோடும் பிடிவாதத்தோடும் இறுதி வரை போராடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'படத்தை பிட்டர் எண்ட் வரை பார்த்தேன்' என்றால் படம் தாங்க முடியாத அறுவை என்று பொருளாகிவிடும்.

நம் ஊர் ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சில தொடர்கள் கடலிலிருந்து வந்தவை என்பதே பலருக்குத் தெரியாது. 'நோ ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்' என்று அலுவலகங்களில் சொல்கிறோமே, அதில் 'ஃபாஸ்ட்' என்பது வேகம் அல்ல; அசையாமல் பிடித்துக்கொண்ட நிலை. தரை தட்டி ஆடாமல் அசையாமல் நிற்கும் கப்பல் 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்'. அதே கப்பலைச் சுற்றி நீர் முழுவதும் வடிந்துவிட்டால் 'ஹை அண்ட் ட்ரை', அதாவது கைவிடப்பட்டு அந்தரத்தில் நிற்பது. போக்குவரத்து நெரிசலுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் 'சாக்-அ-பிளாக்', கயிறு இழுக்கும் கப்பித் தொகுதியிலிருந்து வந்தது: இழுக்க இழுக்க இரண்டு கப்பிகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அதற்கு மேல் ஓர் அங்குலமும் இழுக்க முடியாது. 'இன் தி ஆஃபிங்' என்பதில் 'ஆஃபிங்' கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவுக் கடல். துறைமுகத்துக்கு வரும் கப்பல் அங்கே தெரிந்தால் சீக்கிரம் வந்துசேரும். அதனால்தான் கூட்டணி ஒன்று 'இன் தி ஆஃபிங்' என்றால் இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள்.

கொடி சம்பந்தப்பட்டவற்றில் 'கலர்ஸ்' என்றால் கொடி. போர்க்கப்பல் எதிரியை ஏமாற்ற வேறு நாட்டுக் கொடியைப் பறக்கவிடலாம். அது அன்றைய போர் வழக்கில் அனுமதிக்கப்பட்ட தந்திரம். ஆனால் சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றியாக வேண்டும். 'ஷோ ஒன்ஸ் ட்ரூ கலர்ஸ்' அந்தக் கணத்தைச் சொல்கிறது. இன்று இது பெரும்பாலும் குறையாகவே வரும்: நல்லவர் என்று நினைத்தவரின் சுயரூபம் வெளிப்படுவது.

கொடியை இறக்கினால் சரணடைந்தோம் என்று பொருள். குண்டடியில் கொடி தானாக விழுந்தாலும் எதிரி அப்படித்தான் எடுத்துக்கொள்வான். 1797 அக்டோபர் 11 அன்று கேம்பர்டவுன் போரில் அட்மிரல் டங்கனின் 'வெனரபிள்' கப்பலில் இதுதான் நடந்தது. ஜாக் க்ராஃபோர்ட் என்ற மாலுமி குண்டு மழைக்கு நடுவே ஏறி, கொடியைப் பாய்மரத்திலேயே ஆணியடித்தார். 'நெயில் யுவர் கலர்ஸ் டு தி மாஸ்ட்' என்றால், பின்வாங்க வழியில்லாதபடி நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவிப்பது. நாகப்பட்டினத்துப் போரில் இதற்கு நேரெதிர் நடந்தது: பிரெஞ்சுக் கப்பல் 'செவேர்' கொடியை இறக்கக் கேப்டனே உத்தரவிட்டார், அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் அதை மதிக்காமல் தொடர்ந்து சுட்டார்கள். பிறகு அந்தக் கப்பல் தனக்கே சேர வேண்டும் என்று ஹியூஸ் கேட்டதும், சுஃப்ரன் மறுத்ததும் தனிக் கதை.

'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் கண்டும் காணாமல் விடுவது. இதைத் தனி ஒரு நாளோடு சேர்த்துச் சொல்வார்கள்: 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் போர். தலைமை அட்மிரல் ஹைட் பார்க்கர் போரை நிறுத்தும்படி 39ஆம் எண் சைகைக் கொடியை ஏற்றினார். 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் வலது கண் பார்வையை இழந்திருந்த நெல்சன், தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்துக்கொண்டு, சைகை எதுவும் தெரியவில்லையே என்றார். 'இன்னும் நெருங்கிப் போரிடு' என்ற தன் சொந்த 16ஆம் எண் சைகையை இறக்கவும் இல்லை. அவர் அருகில் நின்ற கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட்டின் குறிப்பில் இது வருகிறது. ஆங்கிலத் தொடருக்கும் தமிழின் 'கண்டும் காணாமல்' என்பதற்கும் பொருத்தம் கச்சிதம்: இரண்டிலுமே தெரியாமை இல்லை, தெரிந்தே விடுவதுதான். அறியாமல் நேர்ந்த கவனக்குறைவுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

'ஃபர்ஸ்ட் ரேட்', 'தேர்ட் ரேட்' ஆகியவை பிரிட்டிஷ் கடற்படையின் அதிகாரபூர்வ வகைப்பாடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் கணக்குப்படி 100 பீரங்கியும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 90 முதல் 98 வரை இரண்டாம் தரம். 64 முதல் 80 வரை மூன்றாம் தரம். இப்படி ஆறாம் தரம் வரை போகும். 'மட்டமான' என்று திட்டுவதற்கு 'தேர்ட் ரேட்' வந்தது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். வேகமும் சுடுதிறனும் செலவும் சரியாகப் பொருந்திய 74 பீரங்கிக் கப்பல் மூன்றாம் தரம்தான். கடற்படையின் முதுகெலும்பே அதுதான். 1805 டிரஃபால்கர் போரில் வரிசையில் நின்ற 27 பிரிட்டிஷ் கப்பல்களில் முதல் தரம் வெறும் மூன்று. 74 பீரங்கிக் கப்பல்கள் மட்டும் 16.

'ஸ்லஷ் ஃபண்ட்' சமையலறையிலிருந்து வந்தது. உப்புக் கண்டம் போட்ட பன்றி இறைச்சியைப் பெரிய கொப்பரையில் வேக வைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். அதுதான் 'ஸ்லஷ்'. ஒரு பகுதி பாய்மரத்தில் பூசப் போகும். மிச்சத்தைப் பீப்பாயில் சேர்த்துக் கரையில் மெழுகுவர்த்தி, சோப்புக்காரர்களிடம் விற்பார்கள். வழக்கமான கணக்கில் வராத அந்தப் பணத்தில் சின்னச் சின்ன வசதிகள் வாங்கிக்கொள்வார்கள். 1839இல் அமெரிக்கக் கடற்படை பற்றிய எழுத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அரசியல் இதைப் பிடித்துக்கொண்டது. இப்போது லஞ்சத்துக்கும் திரைமறைவு வேலைக்கும் ஒதுக்கிய பணம்.

கட்டுக்கடங்காமல் நடந்து தன் பக்கத்தாருக்கே ஆபத்தாகிற ஆளைச் சொல்லும் 'லூஸ் கேனன்' கொஞ்சம் சுவாரசியமானது. அவிழ்ந்து உருளும் பீரங்கி நிஜ ஆபத்துதான். 32 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி இரண்டரை டன்னுக்கு மேல் எடை, அதுவும் சக்கரத்தில். அலையில் கப்பல் ஆட ஆட அது சுவருக்குச் சுவர் பாய்ந்து ஆளையும் மரத்தையும் நொறுக்கும். ஆனாலும் பாய்மரக் காலத்து மாலுமிகள் ஒரு மனிதரை இப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. இந்தப் படிமத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு விக்டர் ஹியூகோவின் 1874ஆம் ஆண்டு நாவலில் வரும், கட்டவிழ்ந்த பீரங்கிக் காட்சிக்கு உண்டு. கப்பல் பொருள்தான், ஆனால் கப்பல்காரர்கள் பேச்சு அல்ல. ஆளைப் பற்றிச் சொன்னால் கடுமையான விமர்சனம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனிக் கட்டுக்கதைகள். பணக்காரத் தோரணைக்குச் சொல்லும் 'போஷ்' என்பது 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகள் என்பார்கள். இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை. வெயில் படாத பக்கம், விலை அதிகம். பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் பயணச்சீட்டில் அந்த எழுத்துகளை முத்திரை குத்தியது என்பது கதை. செங்கடலில் தெற்கு நோக்கி வரும்போது பிற்பகல் வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும், அதுவரை சரி. ஆனால் அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. சொல் முதல் உலகப் போர்க் காலத்திலேயே புழக்கத்தில் இருக்க, இந்த விளக்கம் 1930களில்தான் தலைகாட்டுகிறது. பகட்டு ஆசாமியைக் குறிக்கும் 'போஷ்' 19ஆம் நூற்றாண்டுக் கொச்சைமொழி அகராதியிலேயே இருக்கிறது. பொதுவாக, 20ஆம் நூற்றாண்டுக்கு முந்திய சொல் ஒன்றுக்கு முதலெழுத்து விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள்.

'பிராஸ் மங்கி' கதை இன்னும் தந்திரமானது, ஏனென்றால் அதில் அறிவியல் வாடை அடிக்கிறது. கடுங்குளிரைச் சொல்லும் கொச்சையான தொடர் அது: பித்தளைக் குரங்கின் விதைகளே உறைந்து விழும் குளிர் என்று. கதையோ இப்படிப் போகும்: பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கும் பித்தளைத் தட்டுக்குப் பெயர் 'மங்கி', குளிரில் பித்தளை இரும்பைவிட அதிகம் சுருங்குவதால் குண்டுகள் உருண்டு விழும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலத் தட்டு, வெப்பநிலை 30 டிகிரி குறைகிறது. பித்தளை ஏறக்குறைய 0.57 மில்லிமீட்டர் சுருங்கும், இரும்பு 0.35 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்கெல்லாம் குண்டு விழாது. மேலும், ஆடும் கப்பலில் இரும்புக் குண்டைக் கோபுரமாக அடுக்குபவன் யார்? துளையிட்ட மரப்பலகையில் ஒவ்வொன்றாகப் பதித்துத்தான் வைத்தார்கள். பழைய பதிவுகளைப் பார்த்தால் குட்டு முழுவதும் உடைகிறது: நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1847இல் எழுதியது வெயிலைப் பற்றி, அதில் உருகுவது குரங்கின் மூக்கு. அடுத்த சில ஆண்டுகளில் உறைந்து விழுவது வால். ஆக, அது பித்தளையில் செய்த குரங்குப் பொம்மைதான். குண்டுத் தட்டு அல்ல.

மிகவும் நெருக்கடியான இடத்துக்குச் சொல்லும் 'நோ ரூம் டு ஸ்விங் எ கேட்' என்பதில் வரும் 'கேட்' பூனை அல்ல, கப்பலில் கசையடிக்கும் ஒன்பது வால் சவுக்கு, அதைச் சுழற்ற இடமில்லாததைச் சொல்கிறது என்பார்கள். இந்தத் தொடர் 1665இலேயே 'பாமர வழக்கு' என்ற குறிப்போடு வந்துவிட்டது. அந்தச் சவுக்கின் பெயர் எழுத்தில் வருவது 1695இல். 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' என்பதையும் அதே சவுக்குக்குக் கட்டிவிடுகிறார்கள். பையிலிருந்து சவுக்கை எடுப்பது தண்டனையின் தொடக்கம். ரகசியம் வெளிப்படுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் ப்ளூ சீ' நம் இருதலைக்கொள்ளி எறும்பு. 'டெவில்' என்பது கப்பல் பலகைகளுக்கு நடுவிலுள்ள நீண்ட இணைப்பு என்று ஒரு விளக்கம் உண்டு. தொடர் 1637இல் வந்துவிட்டது, அதுவும் ராபர்ட் மன்றோ என்ற தரைப்படை வீரரின் நூலில். பலகை இணைப்புக்கு அந்தப் பெயர் பதிவாவது 19ஆம் நூற்றாண்டில்தான். இங்கே 'டெவில்' சாத்தானேதான்.

'ஸ்குவேர் மீல்' மாலுமிகளின் சதுர மரத்தட்டிலிருந்து வந்ததாம். சதுரத் தட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் தொடர் பிறந்தது 1850களின் அமெரிக்காவில். உணவு விடுதிகளின் விளம்பரங்களில் 'நியாயமான, முழுமையான சாப்பாடு' என்ற பொருளில். ஒளிவு மறைவு இல்லாததைச் சொல்லும் 'அபவ் போர்ட்' என்பதில் வரும் 'போர்ட்' சீட்டாட்ட மேசை. கை மேலே தெரிந்தால் ஏமாற்று இல்லை.

'ஒன்று விடாமல் முழுவதும்' என்று பொருள்படும் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்பதற்கு மூன்று பாய்மரம், ஒவ்வொன்றிலும் 'யார்ட்' எனப்படும் குறுக்குக் கழி மூன்று, மொத்தம் ஒன்பது என்று கணக்குக் காட்டுவார்கள். முழுப் பாய் விரிக்கும் கப்பலில் குறுக்குக் கழிகள் ஒன்பதுக்கு மேலேயே இருக்கும். அதைவிட வலுவான மறுப்பு: இந்தத் தொடரின் பழைய பதிவுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலே இல்லாத இண்டியானா, கென்டக்கி மாநிலப் பத்திரிகைகளில் கிடைத்தவை, அவற்றில் சில 'ஆறு யார்ட்ஸ்' என்கின்றன. எண்ணே மாறிக்கொண்டிருந்தபோது, ஒன்பது என்ற எண்ணுக்கு மூலக்கதை தேடுவது வீண் வேலை.

எழுதும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கை. சொன்னபடி நடப்பதற்கு 'டோ தி லைன்' என்பதில் வருவது கால்விரல். கோட்டில் விரலை வைத்து வரிசையாக நிற்பது. இழுப்பதைக் குறிக்கும் 'டோ'வின் எழுத்துகளைப் போட்டு எழுதுவது பெரிய பத்திரிகைகளிலும் வரும் பிழை. 'கிவ் எ வைட் பெர்த்' என்பதில் 'பெர்த்' ரயிலில் படுக்கும் இடம் அல்ல, கப்பல் திரும்ப விட வேண்டிய கடல்வெளி. 'வைட் பெர்த் டு' என்று யாரை விட்டு விலகுகிறோமோ அவரைச் சொல்லி முடிக்க வேண்டும். இதையும் பிறப்பைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளில் எழுதிவிடுகிறார்கள், பொருள் விபரீதமாகிவிடும்.